பிறக்கும் முன்பே வேலைக்கு வந்த சுரப்பி

சாலையைக் கடக்கிறோம். எதிர்பாராத பக்கத்திலிருந்து ஒரு லாரி வந்துவிடுகிறது. துள்ளி ஒதுங்கித் தப்பிவிடுகிறோம். ஆபத்து போய்விட்டது, ஆனால் நெஞ்சு அடிப்பது அடங்கவில்லை. உள்ளங்கை வியர்த்திருக்கிறது, நாக்கு வறண்டிருக்கிறது. இதற்கெல்லாம் அட்ரினலின் காரணம் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம். அது எங்கே சுரக்கிறது என்று கேட்டால், சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரீனல் சுரப்பியில் என்று சொல்லிவிடுவோம்.

புதிர் அங்கேதான் தொடங்குகிறது. பயத்தை உணர்வது மூளை. படபடப்பது இதயம். இரண்டுக்கும் இடையில் வேலை செய்கிற சுரப்பி, சிறுநீர் பிரிக்கும் உறுப்பின் உச்சியில் போய் ஏன் உட்கார்ந்திருக்கிறது?

வளர்ந்த உடலை எவ்வளவு அறுத்துப் பார்த்தாலும் இதற்கு விடை கிடைக்காது. தாயின் வயிற்றில் அந்தச் சுரப்பி எப்படி உருவாகிறது என்று வாரம் வாரமாகப் பார்த்தால்தான் விடை தெரியும். அப்படிப் பார்க்கும்போது இன்னொன்றும் தெரியவரும். கருவிலிருக்கும் உறுப்புகள் பிறந்த பிறகு செய்யப்போகும் வேலைக்காகச் சும்மா காத்திருப்பவை என்று நாம் நினைக்கிறோம். அட்ரீனல் அப்படிக் காத்திருப்பதில்லை. அது தன் வாழ்நாளிலேயே மிகப் பெரிய உற்பத்தியைப் பிறப்பதற்கு முன்பே செய்து முடித்துவிடுகிறது.

ஒரே உறைக்குள் இரண்டு

அட்ரீனல் சுரப்பிகள் இரண்டு. வலப்பக்கம் இருப்பது முக்கோண வடிவம், இடப்பக்கம் இருப்பது பிறை வடிவம். பெரியவர்களிடம் ஒவ்வொன்றும் 4 முதல் 5 கிராம் எடைதான். இத்தாலிய உடற்கூறியலாளர் பார்த்தலோமியோ யூஸ்டாக்கி 1563ஆம் ஆண்டிலேயே இவற்றை விவரித்துவிட்டார். ஆனால் இவை எதற்காக இருக்கின்றன என்பது அடுத்த முந்நூறு ஆண்டுகளுக்கு யாருக்கும் பிடிபடவில்லை.

1855இல் லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் அடிசன் ஒரு நோயை விவரித்தார். உடல் மெலிந்து, தோல் கறுத்து, நாளுக்கு நாள் துவண்டு இறந்துபோன நோயாளிகள். இறந்தபின் அறுத்துப் பார்த்தால் இந்தச் சுரப்பிகள் சிதைந்திருந்தன. மறு ஆண்டு பிரௌன்-செக்கார் விலங்குகளின் உடலிலிருந்து இரு சுரப்பிகளையும் நீக்கிப் பார்த்தார். அவை விரைவிலேயே இறந்தன. இந்தச் சிறிய சுரப்பி இல்லாமல் உயிர் தங்காது என்பது அப்போதுதான் தெரிந்தது.

சுரப்பியைக் குறுக்கே வெட்டினால் இரண்டு நிறங்கள் தெரியும். வெளிப்பகுதி மஞ்சள், நடுப்பகுதி செம்பழுப்பு. வெளிப்பகுதியைப் புறணி என்றும் நடுப்பகுதியை அகணி என்றும் அழைப்போம். புறணி கொலஸ்ட்ராலிலிருந்து ஸ்டீராய்டு ஹார்மோன்களைத் தயாரிக்கிறது. உடலின் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் தாங்கும் கார்ட்டிசால், உப்பைக் காக்கும் ஆல்டோஸ்டிரோன் இரண்டும் அங்கே உருவாகின்றன. அட்ரினலினைத் தயாரிப்பது அகணி.

இரண்டுக்கும் உத்தரவு வரும் வழியும் வேறு. கார்ட்டிசால் சுரக்கச் சொல்லி மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி இரத்தம் வழியாக ஒரு ஹார்மோனை அனுப்புகிறது. அகணிக்கோ நரம்பு நேராக வந்து கட்டளையிடுகிறது. மூலப்பொருள் வேறு, சரக்கு வேறு, மேலதிகாரியும் வேறு. பிறகு ஏன் இரண்டும் ஒரே உறைக்குள் இருக்கின்றன? ஆக, நம்மிடம் இப்போது இரண்டு கேள்விகள். சிறுநீரகத்தின் மேல் ஏன்? இரண்டும் சேர்ந்து ஏன்?

சிறுநீரகம் இல்லாத பக்கம்

முதல் கேள்விக்கு ஸ்கேன் அறையிலேயே ஒரு துப்பு கிடைக்கிறது. சுமார் ஆயிரம் பேரில் ஒருவர் ஒரே ஒரு சிறுநீரகத்தோடு பிறக்கிறார். பெரும்பாலும் எந்தத் தொல்லையும் இருக்காது. வேறெதற்காகவோ ஸ்கேன் எடுக்கும்போதுதான் தெரியவரும். சிறுநீரகம் இல்லாத அந்தப் பக்கத்தில் அட்ரீனல் இருக்குமா?

பெரும்பாலோரிடம் இருக்கிறது, அதுவும் வழக்கமான இடத்திலேயே. வடிவம் மட்டும் மாறியிருக்கும். கீழிருந்து அழுத்த சிறுநீரகம் இல்லாததால் மடிப்பில்லாமல் தட்டையாக, நீளவாக்கில் படுத்திருக்கும். சிலருக்குச் சிறுநீரகம் இடுப்புக்குள்ளேயே தங்கிவிடுவதுண்டு. அவர்களுக்கும் அட்ரீனல் மேலேதான் இருக்கும், சிறுநீரகத்தோடு கீழே போயிருக்காது.

ஆகவே அட்ரீனல் சிறுநீரகத்திலிருந்து முளைத்த கிளை இல்லை. அது தனக்கான இடத்தில் தானாகவே உருவாகிறது. கீழே இடுப்புப் பகுதியில் உருவாகும் சிறுநீரகம், 6ஆம் வாரத்திலிருந்து 9ஆம் வாரத்துக்குள் மெல்ல மேலேறி வந்து அதன் அடியில் நிற்கிறது. பின்னால் வந்தது சிறுநீரகம்தான்.

வாரக் கணக்கைப் பற்றி ஒரு விளக்கம். கருவளர்ச்சியைச் சொல்லும்போது இந்த அத்தியாயத்தில் கருத்தரித்த நாளிலிருந்து வாரங்களை எண்ணுகிறோம். டாக்டர்கள் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள், ஆகவே அவர்கள் கணக்கில் 2 வாரம் கூடுதலாக இருக்கும்; பரிசோதனை, சிகிச்சை பற்றிச் சொல்லும் இடங்களில் மட்டும் அவர்கள் கணக்கையே பின்பற்றுகிறோம்.

நான்காம் வாரத்தில் ஒரு தடிப்பு

கரு 4 வார வயதில் 5 மில்லிமீட்டர் நீளம்கூட இராது. இதயம் துடிக்கத் தொடங்கியிருக்கும், கை கால்கள் சிறு மொட்டுகளாக இருக்கும். அதன் வயிற்றுக்குழியின் பின்சுவரை மூடிய மெல்லிய செல் படலம், முதுகெலும்பு வரப்போகும் இடத்தின் இரு பக்கங்களிலும் சற்றே தடிக்கிறது. அட்ரீனல் புறணியின் தொடக்கம் இந்தத் தடிப்புதான்.

ஆனால் இது அட்ரீனலுக்கு மட்டும் சொந்தமில்லை. விந்தகமும் சினைப்பையும் இதே தடிப்பிலிருந்துதான் வருகின்றன. இங்குள்ள செல்களில் எஸ்எஃப்-1 என்ற மரபணு விழித்துக்கொள்கிறது. ஸ்டீராய்டு தயாரிக்கும் திறனை ஒரு செல்லுக்குத் தரும் தலைமை மரபணு இது. 1994இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இந்த மரபணுவை நீக்கிய எலிகளை உருவாக்கினார்கள். பிறந்த குட்டிகளுக்கு அட்ரீனலும் இல்லை, பாலுறுப்புச் சுரப்பிகளும் இல்லை. சில நாட்களிலேயே அவை இறந்தன. இரண்டு உறுப்புகளுக்கும் வேர் ஒன்றே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

ஏறத்தாழ 33ஆம் நாளில் பொதுத் தடிப்பு பிரிகிறது. அட்ரீனலாகப் போகும் செல்கள் ஆழமாக நகர்ந்து, பெருந்தமனியின் பக்கமாகக் குவிகின்றன. மற்றவை பாலுறுப்புச் சுரப்பிகளாகி, பின்னாளில் கீழே இறங்குகின்றன. இந்தப் பிரிவினை சில நேரங்களில் முழுச் சுத்தமாக நடப்பதில்லை. விந்தகத்தின் அருகிலும், அது இறங்கி வந்த வழியிலும், கருப்பையைத் தாங்கும் சவ்விலும் மிகச் சிறிய அட்ரீனல் துணுக்குகள் கிடப்பதை அறுவை மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். கூடப் பிறந்த உறுப்போடு சேர்ந்து இறங்கிவிட்ட செல்கள் அவை.

இதுவரை நடந்தது முழுக்கப் புறணியின் கதை. கருவின் மூன்று அடுக்குகளில் நடு அடுக்கைச் சேர்ந்தது அது. அட்ரினலின் தயாரிக்கப்போகும் செல்கள் இன்னும் வரவில்லை.

முதுகுப் பக்கமிருந்து வந்தவை

கருவின் முதுகில், மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் குழாய் மூடிக்கொள்ளும்போது, அதன் விளிம்பிலிருந்து ஒரு கூட்டம் செல்கள் கழன்று உடலெங்கும் பரவுகின்றன. இவற்றுக்கு நரம்புமுகட்டுச் செல்கள் என்று பெயர். தோலின் நிறச் செல்கள், முகத்தின் எலும்புகள், குடலின் நரம்புகள் என்று பல இடங்களில் இவை குடியேறுகின்றன.

ஒரு செல் எங்கே கிளம்பி எங்கே சேர்ந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பிரான்சின் நிக்கோல் லெ துவாரன் 1969இல் இதற்கு அழகான ஒரு வழி கண்டார். காடைச் செல்லின் உட்கருவில் ஓர் அடர்ந்த புள்ளி உண்டு. கோழிச் செல்லில் அப்படி இல்லை. நுண்ணோக்கியில் பார்த்தாலே இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடலாம். அவர் கோழிக் கருவின் நரம்புக் குழாயில் ஒரு துண்டை எடுத்துவிட்டு, அதே இடத்தில் காடைக் கருவின் துண்டை வைத்தார். கரு வளர்ந்தபின் அட்ரீனலைப் பார்த்தால், ஸ்டீராய்டு தயாரிக்கும் செல்கள் கோழியுடையவை, அட்ரினலின் செல்கள் காடையுடையவை. அகணி நரம்புமுகட்டிலிருந்து வந்தது என்பது இப்படிக் கண்ணுக்கு நேராக உறுதியானது.

பயணம் எப்படி நடக்கிறது என்பதில் அண்மையில் ஒரு திருத்தம் வந்தது. அந்தச் செல்கள் தாமாகவே ஊர்ந்து சுரப்பிக்குள் போகின்றன என்றுதான் வெகுகாலம் கருதினார்கள். சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் 2017இல் எலிக் கருக்களில் வேறொன்றைக் காட்டினார்கள். பெரும்பாலான செல்கள், அட்ரீனலை நோக்கி வளரும் நரம்பு இழையைப் பற்றிக்கொண்டு வருகின்றன. நரம்புக்கு உறை போடும் செல்களின் முன்னோடிகள் அவை. சுரப்பியை அடைந்ததும் நரம்பை விட்டுவிட்டு அட்ரினலின் செல்களாக மாறுகின்றன. பிறகு மனிதக் கருக்களின் செல்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தபோதும் இதே வழித்தடம் தென்பட்டது.

பின்னாளில் நாம் பயப்படும்போது அகணிக்குக் கட்டளை கொண்டுவருவதும் அந்த நரம்புதான். செல்களை அழைத்து வந்த இழையே அவற்றை ஆளும் இழையாகவும் ஆகிறது. பயத்துக்கும் இந்தச் சுரப்பிக்கும் உள்ள உறவு இப்போது விளங்கும். அகணி என்பது இழையை நீட்டாமல், தன் செய்தியை நேராக இரத்தத்தில் விடுகிற நரம்பு மண்டலத்தின் ஒரு பகுதி.

மனிதக் கருவில் 7ஆம் வாரத்தையொட்டி இந்தச் செல்கள் புறணிக்குள் நுழையத் தொடங்குகின்றன. 9ஆம் வாரத்துக்குள் சுற்றிலும் ஓர் உறை மூடிக்கொள்கிறது. ஆனால் உள்ளே வந்தவை உடனே நடுவில் கூடிவிடுவதில்லை. பிறக்கும்வரை புறணி நெடுகச் சிறுசிறு தீவுகளாகச் சிதறிக் கிடக்கின்றன.

சேர்ந்திருப்பதால் என்ன லாபம்?

சுறாமீனின் உடலில் இந்த இரண்டு திசுக்களும் சேரவே இல்லை. ஸ்டீராய்டு தயாரிக்கும் உறுப்பு தனியாகவும், அட்ரினலின் வகைச் செல்கள் தனிக் கொத்துகளாகவும் இருக்கின்றன. பறவைகளில் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடக்கின்றன. புறணி வெளியே, அகணி உள்ளே என்ற ஒழுங்கு பாலூட்டிகளுக்கு உரியது.

இந்த ஒழுங்கின் பயனை ரிச்சர்ட் வுர்ட்மனும் ஜூலியஸ் ஆக்ஸல்ராடும் 1960களின் நடுவில் கண்டறிந்தார்கள். அகணிச் செல் முதலில் தயாரிப்பது நார்அட்ரினலின். அதை அட்ரினலினாக மாற்ற ஒரு நொதி வேண்டும். அந்த நொதி நன்றாக உருவாக வேண்டுமானால் கார்ட்டிசால் வகை ஹார்மோன் ஏராளமாக வேண்டும். உடலெங்கும் ஓடும் இரத்தத்தில் இருக்கும் அளவு அதற்குப் போதாது. ஆனால் அட்ரீனலுக்குள் இரத்தம் வெளியிலிருந்து உள்நோக்கிப் பாய்கிறது. மேட்டு வயலில் கட்டிய நீர் வாய்க்கால் வெட்டாமலே பள்ளத்து வயலுக்குக் கசிந்து இறங்குவதுபோல, புறணியில் சுரந்த கார்ட்டிசால் நீர்த்துப்போகாமல் அகணிக்குக் கிடைத்துவிடுகிறது.

இதை இன்னும் துல்லியமாகச் சொல்ல முடியும். கார்ட்டிசாலை உணரும் ஏற்பியே இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். அவற்றின் அகணிச் செல்கள் குறையில்லாமல் வந்து குடியேறின, நார்அட்ரினலினையும் தயாரித்தன. அட்ரினலினை மட்டும் தயாரிக்கவில்லை. இடம்பெயர்ந்து வந்து சேரப் புறணியின் உதவி வேண்டாம், கடைசிப் படிக்குத்தான் வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

தாயின் சிறுநீரில் குழந்தையின் சுரப்பி

இனி கருவிலிருக்கும் புறணிக்கு வருவோம். 8ஆம் வாரத்திலேயே அது இரண்டு மண்டலங்களாகப் பிரிந்திருக்கும். வெளியே மெல்லிய ஒரு பட்டை, பிறந்த பிறகும் நிலைக்கப்போவது அதுதான். உள்ளே பெரிய செல்கள் நிறைந்த பருத்த பகுதி. இதைக் கருக்கால மண்டலம் என்போம். புறணியில் 80 விழுக்காட்டுக்கும் மேல் இந்த மண்டலமே.

இதனால் சுரப்பி வியப்பூட்டும் அளவுக்குப் பெரிதாகிறது. பெரியவர்களிடம் அட்ரீனல், சிறுநீரகத்தில் முப்பதில் ஒரு பங்கு. பிறக்கும் குழந்தையிடம் மூன்றில் ஒரு பங்கு. 3 கிலோ குழந்தையின் இரண்டு அட்ரீனல்களும் சேர்ந்து சுமார் 8 கிராம் இருக்கும். 60 கிலோ எடையுள்ள பெரியவரிடம் இருப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

இத்தனை பெரிய ஆலை என்ன செய்கிறது? ஒரே ஒரு மூலக்கூற்றின் பயணத்தைப் பின்தொடர்ந்தால் விடை கிடைக்கும்.

பயணம் கொலஸ்ட்ராலில் தொடங்குகிறது. குழந்தையின் ஈரல் தயாரித்த கொலஸ்ட்ராலைக் கருக்கால மண்டலத்தின் ஒரு செல் இரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. அதை வெட்டித் திருத்தி டிஎச்இஏ என்ற ஸ்டீராய்டாக்குகிறது. இதைக் கார்ட்டிசாலாக மாற்றும் வழிக்குத் திருப்பிவிடும் நொதி இந்தச் செல்களில் மிகக் குறைவு. ஆகவே சரக்கெல்லாம் டிஎச்இஏவாகவே குவிகிறது. செல் அதன்மேல் ஒரு சல்ஃபேட்டையும் ஒட்டிவிடுகிறது. சல்ஃபேட் ஒட்டிய நிலையில் அது செயலற்றது. குழந்தையின் உடலில் எந்த விளைவையும் உண்டாக்காமல் இரத்தத்தில் மிதந்து போகும்.

இரண்டாவது நிறுத்தம் குழந்தையின் ஈரல். அங்கே மூலக்கூற்றின் 16ஆம் இடத்தில் ஓர் ஆக்சிஜன் சேர்கிறது. மூன்றாவது நிறுத்தம் நஞ்சுக்கொடி. கர்ப்பத்தைத் தாங்க ஏராளமான ஈஸ்ட்ரோஜன் வேண்டும், ஆனால் கொலஸ்ட்ராலிலிருந்து அதைத் தொடங்கித் தயாரிக்கும் ஒரு முக்கிய நொதி மனித நஞ்சுக்கொடியில் இல்லை. பாதி தயாரான பொருள் அதன் கைக்கு வரவேண்டும். குழந்தை அனுப்பியது அதைத்தான். நஞ்சுக்கொடி சல்ஃபேட்டைக் கழற்றி, மூலக்கூற்றை எஸ்ட்ரியால் என்ற ஈஸ்ட்ரோஜனாக மாற்றித் தாயின் இரத்தத்தில் விடுகிறது. வேலை முடிந்த எஸ்ட்ரியால் தாயின் சிறுநீரில் வெளியேறுகிறது.

குழந்தையின் அட்ரீனல், குழந்தையின் ஈரல், நஞ்சுக்கொடி, தாய் என்று நான்கு இடங்களைக் கடந்து ஒரு ஹார்மோன் உருவாகிறது. இதில் எவரும் தனியாக இதைத் தயாரிக்க முடியாது. சுவீடனில் பணியாற்றிய ஈகோன் டிட்ஸ்ஃபலூசி 1960களில் இந்தக் கூட்டு உற்பத்தியைப் படிப்படியாக நிறுவினார். பிரசவம் நெருங்கும்போது கருவின் அட்ரீனல் ஒரு நாளில் 100 முதல் 200 மில்லிகிராம் ஸ்டீராய்டு தயாரிக்கிறது. ஓய்விலிருக்கும் ஒரு பெரியவரின் சுரப்பிகள் தயாரிப்பது 30 முதல் 40 மில்லிகிராம்.

இது உண்மைதான் என்பதற்கு ஒரு துயரமான சான்று உண்டு. மூளையின் பெரும்பகுதியும் மண்டையோடும் உருவாகாமல் பிறக்கும் குழந்தைகள் உண்டு. அவர்களுடைய அட்ரீனல் மிகச் சிறிதாக இருப்பதையும், கருக்கால மண்டலம் சுருங்கியிருப்பதையும் எலியட், ஆர்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1911இல் விவரித்தார்கள். பிட்யூட்டரியின் உத்தரவு இல்லாமல் அந்த மண்டலம் வளராது என்பதை இது காட்டியது. அரை நூற்றாண்டு கழித்து, 1961இல், டென்மார்க்கின் ஃபிரான்ட்சனும் ஸ்டாகமனும் இத்தகைய குழந்தைகளைச் சுமந்த தாய்மார்களின் சிறுநீரைச் சோதித்தார்கள். எஸ்ட்ரியால் மிக மிகக் குறைவாக இருந்தது. தாய்மார்கள் நலமாக இருந்தார்கள், நஞ்சுக்கொடியும் இருந்தது. அனுப்பவேண்டிய இடத்திலிருந்து சரக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

இதன்பின் சில காலம், வயிற்றிலிருக்கும் குழந்தை நலமா என்று அறியத் தாயின் சிறுநீரில் எஸ்ட்ரியாலை அளந்துவந்தார்கள். ஸ்கேனும் இதயத்துடிப்புப் பதிவும் வந்தபின் அது கைவிடப்பட்டது. ஆனாலும் கர்ப்பிணிகளுக்கு 15 முதல் 20 வாரங்களுக்குள் செய்யும் குவாட்ரூப்பிள் இரத்தப் பரிசோதனையில் அளக்கும் நான்கு பொருள்களில் எஸ்ட்ரியாலும் ஒன்று. அந்த அறிக்கையைக் கையில் வாங்கும் தாய், தன் குழந்தையின் அட்ரீனல் செய்த வேலையின் கணக்கைத்தான் வாங்குகிறார்.

மூச்சுக்கான ஏற்பாடு

கார்ட்டிசாலுக்குத் தனிக் கால அட்டவணை உண்டு. 8, 9ஆம் வாரங்களில் கருவின் அட்ரீனல் சிறிது காலம் அதைத் தயாரிக்கிறது. பிறகு வெகுவாகக் குறைத்துக்கொண்டு, கடைசி மாதங்களில் மீண்டும் கூட்டுகிறது.

முதல் தவணை, வெளிப் பிறப்புறுப்புகள் வடிவம் பெறும் காலத்தில் வருகிறது. கார்ட்டிசால் இருந்தால் பிட்யூட்டரி அடங்கியிருக்கும். அடங்காவிட்டால் அட்ரீனலை விரட்டி விரட்டி ஆண்தன்மை தரும் ஹார்மோன்களைக் கூடுதலாகச் சுரக்க வைத்துவிடும்.

இரண்டாவது தவணை மூச்சுக்காக. நுரையீரலின் நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் விரிந்து நிற்க ஒரு வழவழப்பான பூச்சு வேண்டும். அதைத் தயாரிக்கும்படி நுரையீரலைத் தூண்டுவதில் கார்ட்டிசாலுக்குப் பெரும் பங்குண்டு. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் கிரஹாம் லிகின்ஸ், பிரசவத்தைத் தொடங்கிவைப்பது எது என்று அறியச் செம்மறி ஆட்டுக் கருக்களுக்கு ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். குறைமாதத்தில் பிறந்த அந்தக் குட்டிகளின் நுரையீரல் ஓரளவு விரிந்து காற்றை ஏற்றிருப்பதைக் கண்டார். அந்த வயதில் அப்படி நடக்கவே கூடாது. அவரும் ராஸ் ஹௌவியும் குறைப்பிரசவ ஆபத்திலிருந்த தாய்மார்களுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டுச் சோதித்து 1972இல் முடிவை வெளியிட்டார்கள். குழந்தைகளின் மூச்சுத்திணறலும் இறப்பும் குறைந்தன.

இன்று குறைப்பிரசவம் நேரக்கூடும் என்றால், 24 முதல் 34 வாரங்களுக்குள் இருக்கும் தாய்க்கு டாக்டர்கள் டெக்சாமெத்தசோன் போன்ற ஊசியைப் போடுகிறார்கள். வழக்கமான முறை 12 மணிக்கொரு முறை 6 மில்லிகிராம், மொத்தம் 4 ஊசி. தாயின் உடலில் ஏற்கெனவே கார்ட்டிசால் இருக்கும்போது இந்த ஊசி எதற்கு? தாயின் கார்ட்டிசால் வரும்போது நஞ்சுக்கொடி அதில் பெரும்பகுதியைச் செயலிழக்கச் செய்துவிடும். டெக்சாமெத்தசோனை அப்படி எளிதில் தடுக்க முடியாது. குழந்தையின் அட்ரீனல் சில வாரம் கழித்துச் செய்யவிருந்ததை அந்த ஊசி முன்கூட்டியே செய்கிறது.

ஏழாம் மாதத்தில் பிறந்த குழந்தை பிழைக்கும், எட்டாம் மாதத்தில் பிறந்தது தங்காது என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. நுரையீரலின் கணக்கு அப்படி இல்லை. உள்ளே இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்குக் கூடுதல் பலம்தான். எட்டாம் மாதக் குழந்தையின் வாய்ப்பு ஏழாம் மாதக் குழந்தையின் வாய்ப்பைவிட அதிகம். அந்த நம்பிக்கையால் எந்தத் தாயும் கலங்க வேண்டியதில்லை.

வேலை முடிந்த பின்

பிரசவ வேளையில் குழந்தையின் இரத்தத்தில் அட்ரினலினும் நார்அட்ரினலினும் மிக உயர்ந்த அளவுக்கு ஏறுகின்றன. நுரையீரலில் நிறைந்திருந்த நீர் உறிஞ்சப்படுவதற்கு இந்தப் பெருக்கு உதவுகிறது. அட்ரீனல் மட்டும் இதைச் செய்வதில்லை. பெருந்தமனியை ஒட்டிக் கருவில் பருத்திருக்கும் இன்னொரு திசுவும் துணைக்கு வருகிறது. 1901இல் எமில் ட்ஸுக்கர்காண்டல் விவரித்த அந்த உறுப்பு, குழந்தை வளர வளரச் சுருங்கிவிடுகிறது.

தொப்புள்கொடியை வெட்டியதும் நஞ்சுக்கொடியோடான கூட்டு முடிகிறது. கருக்கால மண்டலத்துக்கு இனி வேலை இல்லை. அதன் செல்கள் ஒழுங்காக மடியத் தொடங்குகின்றன. சில வாரங்களில் சுரப்பி தன் எடையில் ஏறக்குறைய பாதியை இழக்கிறது. சிதறிக் கிடந்த அகணித் தீவுகள் நடுவில் கூடுகின்றன. வெளிப்பட்டை வளர்ந்து பெரியவர்களின் புறணியாகிறது. டிஎச்இஏ பல ஆண்டுகள் அடங்கியிருந்து, 6 முதல் 8 வயதில் மறுபடி எழுகிறது. பருவம் வருமுன்பே பிள்ளைகளின் வியர்வை மணம் மாறுவதற்கு அதுதான் காரணம்.

நரம்புமுகட்டிலிருந்து வந்த செல்களில் சில, முதிராமல் வழியில் நின்றுவிடுகின்றன. அவற்றிலிருந்து நியூரோபிளாஸ்டோமா என்ற குழந்தைப் புற்றுநோய் வரக்கூடும். ஆனால் வேறு காரணங்களால் இறந்த பச்சிளங்குழந்தைகளின் அட்ரீனலை ஆராய்ந்தபோது, இத்தகைய செல் கொத்துகள் நோயின் எண்ணிக்கையைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தன. பெரும்பாலானவை தாமாகவே மறைந்துவிடுகின்றன என்று பொருள். ஜப்பான் 1980களில் 6 மாதக் குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்து இந்தப் புற்றைத் தேடியது. தானாக மறையக்கூடிய கட்டிகள் ஏராளமாகக் கண்டுபிடிக்கப்பட்டு, தேவையில்லாத சிகிச்சைக்கு உள்ளாயின. 2004 வாக்கில் அந்தத் திட்டத்தை நிறுத்தினார்கள்.

ஒரு சொட்டு இரத்தம்

தானாகச் சரியாகாத குறை ஒன்றும் இருக்கிறது. கார்ட்டிசால் தயாரிக்கும் வழியில் ஒரு நொதி பிறவியிலேயே குறைந்திருக்கும். உலக அளவில் சுமார் 15,000 பிறப்புகளுக்கு ஒன்று என்று இதைக் கணக்கிடுகிறார்கள். இதுவரை பார்த்தவற்றை வைத்து என்ன நடக்கும் என்று நாமே சொல்லிவிடலாம். கார்ட்டிசால் குறைவதால் பிட்யூட்டரி அடங்காது. அது விரட்ட விரட்ட அட்ரீனல் வீங்கும். அடைபட்ட வழியில் போக முடியாத மூலக்கூறுகள் ஆண் ஹார்மோன்களின் பக்கம் திரும்பும். பெண் குழந்தைக்கு வெளி உறுப்புகள் ஆண்போலத் தோன்றலாம். உள்ளே கருப்பையும் சினைப்பையும் இயல்பாகவே இருக்கும். அந்தக் குழந்தையிடம் வெட்கப்படவோ மறைக்கவோ எதுவும் இல்லை. 8ஆம் வாரத்தில் ஒரு நொதி குறைந்ததன் விளைவு அது.

ஆண் குழந்தைக்கு வெளியே ஓர் அடையாளமும் தெரியாது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. இந்தக் குறை உள்ள பலருக்கு உப்பைக் காக்கும் ஆல்டோஸ்டிரோனும் போதாது. வயிற்றில் இருந்தவரை தாயின் உடல் அதைச் சமாளித்துவிட்டது. பிறந்து இரண்டாவது, மூன்றாவது வாரத்தில், வீட்டுக்குப் போன பிறகு, குழந்தை பால் குடிக்காமல் வாந்தியெடுத்து, உடல் வறண்டு துவண்டுவிடும். வயிற்றுக் கோளாறு என்று நினைத்திருக்கும்போதே உயிர் போய்விடக்கூடும்.

பிறந்த சில நாட்களுக்குள் குதிகாலில் எடுக்கும் ஒரு சொட்டு இரத்தத்தில் இதைக் கண்டுபிடித்துவிடலாம். சிகிச்சை, இல்லாத ஹார்மோன்களை மாத்திரையாகக் கொடுப்பதுதான். அப்படி வளரும் பிள்ளைகள் படிக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், குடும்பம் நடத்துகிறார்கள். கேரளத்தில் அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு இந்தச் சோதனையைச் செய்கிறார்கள். இது எல்லா ஊர்களிலும், எல்லாக் குழந்தைக்கும் கிடைக்க வேண்டும். அதுவரை, உங்கள் வீட்டில் ஒரு குழந்தை பிறந்தால், மருத்துவமனையிலிருந்து கிளம்புவதற்கு முன் குதிகால் இரத்தப் பரிசோதனை எடுத்தாயிற்றா, அதில் அட்ரீனல் குறைக்கான சோதனை சேர்ந்திருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள்.